வாலில் இரண்டு கண்

பழைய கிறிஸ்துமஸ் என்று அந்தக் கரையில் சொல்லும் ஜனவரி ஆறாம் தேதி காலை, காப்ளின் குடாவில், ஹீபர் பர்சியின் சமையலறையில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுத் தலைவர் ஹீபர், அவருடைய மகளும் விமானியுமான கெசியா, ஹீபரின் அக்காவும் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவளுமான டோர்கஸ், லாப்ரடார் கரை நெடுகத் தொலைந்த நாயிலிருந்து தொலைந்த மாப்பிள்ளை வரை தேடிக் கொடுக்கும் துப்பறிவாளர் தேர்சா கீப்பிங், அவளுடைய உதவியாளன் ஆல்ஃபி ஸ்னூக், மேசைமேல் ஒரு தீப்பெட்டிக்குள் கிளாரன்ஸ் மோர்ஸின் முன்பல்.

பல்லின் சொந்தக்காரர் அங்கே இல்லை. அவர் விமானக் கம்பெனியின் மேலாளர். ஊர்த் தீயணைப்புக் கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். இருட்டுவதற்குள் கெசியாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, வேறொரு விமானத்தில் ஊர் திரும்புவதாக உத்தேசம். அவர் நீக்கினால் கெசியா இந்தக் கரையில் எந்தக் கம்பெனிக்கும் பறக்க முடியாது. கரையில் இருப்பதே இந்த ஒரு கம்பெனிதான்.

"பல்லைத் திருப்பிக் கேட்டாரா? இல்ல, அதையும் கம்பெனி நஷ்டத்துல சேத்துட்டாரா?" என்றான் ஆல்ஃபி.

ஹீபர் சிரிக்கவில்லை. அவர் உட்காரவும் இல்லை. சொந்த வீட்டிலேயே சாட்சிக் கூண்டில் நிற்பவரைப்போல் விறைப்பாக நின்றிருந்தார். அவருடைய அப்பா நாய்வண்டியில் தபால் கொண்டுபோனவர். அவரே தலை நரைக்கும் வரை விமானம் ஓட்டியவர். இறக்கையில் பனியோடு ஒரு பர்சியும் ஏறியதில்லை. எவ்வளவு குளிராக இருந்தாலும் கையுறையைக் கழற்றி, இறக்கையையும் வாலையும் வெறுங்கையால் தடவிப் பார்த்த பிறகே அந்தக் குடும்பத்தில் ஏறுவார்கள். பர்சி வீட்டாரோடு கைகுலுக்கினால் தோல் உரியும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியை ஹீபர் பட்டம்போல் ஏற்றுக்கொண்டிருந்தார். இப்போது அந்தக் குடும்பத்துப் பெண் வாலில் பனியோடு ஏறினாள் என்று ஒரு பொக்கை வாய் சொல்கிறது.

"மறுபடி சொல்லு கண்ணு," என்றாள் தேர்சா. "அவசரப்படாம சொல்லு."

கெசியா கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "விபத்துக்கு மொத நாள் சாயங்காலம் இங்க வந்து எறங்கினேன். மழையும் காத்தும். எறக்கைக்கும் வாலுக்கும் உறை மாட்டிட்டு வந்து படுத்துட்டேன். காலையில தூறல் விட்டிருந்துச்சு. உறைங்களை உருவினேன், எல்லாத்தையும் தடவினேன். எறக்கை சுத்தம். வால்ல மட்டும், வலது பக்கம் நுனியில, ரெண்டு எடத்துல கூழ்ப்பனி. வட்டமா, பக்கத்துல பக்கத்துல, ஜாம் பாட்டில் மூடி மாதிரி. கையாலயே வழிச்செறிஞ்சேன். வாலை மேல கீழ ஆட்டிப் பாத்தேன். நல்லாத்தான் அசைஞ்சுது. மோர்ஸை ஏத்திக்கிட்டுக் கெளம்பினேன்."

"மேல போனப்புறம்?"

"மேல குளிர் ஜாஸ்தி. நேரா பறக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியல. திரும்பி வந்து எறங்கறப்ப மூக்கைத் தூக்கக் கைப்பிடியை இழுக்கறேன், அசையல. சிமெண்டுல பதிச்ச மாதிரி. காலை முட்டுக்கொடுத்து ரெண்டு கையாலயும் இழுத்தேன். படார்னு விட்டுச்சு. ஆனா கொஞ்சம் லேட்டா விட்டுச்சு."

"அந்தக் கொஞ்சம் லேட்டுதான் தீப்பெட்டிக்குள்ள இருக்கு," என்றான் ஆல்ஃபி.

விமானம் பனித்தரையில் முட்டி, சக்கரத்துக்குப் பதிலாக மாட்டியிருந்த சறுக்குக் கட்டை ஒன்று முறிந்து, மோர்ஸின் முகம் முன்பலகையில் மோதியது. அவ்வளவோடு போயிற்று. பிறகு பார்த்தபோது வால் நுனியில், அசையும் தகடும் அசையாத தகடும் சந்திக்கும் இடுக்கில், பனிக்கட்டி ஆப்பு அடித்ததுபோல் இறுகியிருந்தது. பனி இருந்தது, ஆகவே அவள் துடைக்கவில்லை என்று மோர்ஸ் முடிவு கட்டிவிட்டார்.

"வட்டப் பனியைப் பத்தி அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அடுத்த தடவை நட்சத்திர வடிவத்துல வந்தா எடுத்து வை, கேக்கு மேல வெச்சுக்கலாம்னார்."

அடுப்படியில் டோர்கஸ் வாணலியில் மாவு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அடிப்பக்கம் கருகியிருந்தது. அக்காவின் வாணலியில் எதுவும் கருகி ஹீபர் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த கேடு ரொட்டி வரைக்கும் எட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

தேர்சா எழுந்தாள். "வானத்துலேருந்து வட்டமா பனி விழாது. வட்டமா ஓட்டை இருந்தாதான் வட்டமா விழும். அந்த உறை எங்க மாமா?"

"ரொட்டி ஆறிடும்," என்றான் ஆல்ஃபி பரிதாபமாக.

"கருகினது ஒனக்குத்தான், பத்திரமா இருக்கும். நட."

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் உறைகள் ஆணியில் தொங்கின. வாலுக்கு மாட்டும் உறை சாம்பல் நிறக் கித்தான். ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்து, ஆளுயரத் தலையணை உறைபோல் இருக்கும். பழசு. ஹீபர் தன் கையால் போட்ட சதுர ஒட்டுகள் அங்கங்கே இருந்தன. தேர்சா அதைத் தரையில் விரித்து, முழங்காலிட்டு, மூடிய பக்கத்திலிருந்து தடவிக்கொண்டு வந்தாள். ஒரு சாண் தாண்டியதும் அவள் விரல் நின்றது.

இரண்டு தையல்கள். சதுரமில்லை, வட்டம். ஒட்டுத் துணி வைக்காமல், கம்பளி நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, ஓட்டையை நூலாலேயே நெய்து மூடியிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இது ஒங்க தையலா மாமா?"

ஹீபர் குனிந்து பார்த்தார். குனிவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. "என்னோடது இல்ல. இது காலுறைக்குப் போடற தையல். இப்பத்தான் போட்டிருக்கு, நூல்ல அழுக்கே இல்ல."

"ஆல்ஃபி, தலையைக் குடு."

"எதுக்கு?"

"அதால இன்னிக்காவது ஒரு உபயோகம் ஆகட்டும்."

அவன் வாய் திறப்பதற்குள் உறை அவன்மேல் இறங்கியது. கொட்டகை நடுவே ஒரு சாம்பல் மூட்டை கணுக்கால்களோடு நின்றது.

"ரெண்டு தையலும் எங்க இருக்கு?"

"கன்னத்துல," என்றது மூட்டை. "எங்க பரம்பரையில கண்ணு கொஞ்சம் மேலதான் இருக்கும்."

தேர்சா ஹீபரின் கையுறைகளை வாங்கிப் பந்தாகச் சுருட்டினாள். உறைக்குள் கைவிட்டு ஆல்ஃபியின் வழுக்கை உச்சியில் வைத்தாள். துணி மேலே ஏறியது.

"இப்ப?"

மூட்டை தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. "அக்கா, இப்ப ரெண்டும் கண்ணுக்கு நேரா இருக்கு."

ஹீபர் ஓர் அடி பின்வாங்கினார். இந்தச் சாம்பல் உருவத்தை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். தன் சமையலறையில், அடுப்புக்கு முன்னால் பார்த்திருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய நாட்களில் மம்மர்கள் வந்தால் கதவைத் திறந்தே ஆகவேண்டும். முகத்தை மூடி, மேலே கிடைத்ததைச் சுற்றி, குரல் தெரியாமலிருக்க மூச்சை உள்ளே இழுத்தபடியே பேசிக்கொண்டு வருவார்கள். வந்து ஆடுவார்கள். யார் என்று வீட்டார் கண்டுபிடித்துவிட்டால் முகத்தைத் திறந்து உட்கார்ந்து கேக் தின்ன வேண்டியதுதான், ஆட்டம் முடிந்தது. மம்மர்களைத் திருப்பி அனுப்பிய வீடு என்ற பெயர் வேண்டாம் என்பதற்காக மட்டுமே ஹீபர் கதவைத் திறப்பார். திறந்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பல் பிடுங்கக் காத்திருப்பவர்போல் முடியும் வரை பொறுத்துக்கொள்வார்.

"கெசியா இங்க வந்து எறங்கினதுக்கு மொத நாள் மம்மருங்க வந்தாங்க," என்றார். "கெசியா வெளியூர்ல இருந்தா, உறைங்க இங்கதான் தொங்குச்சு. அஞ்சு மம்மர். நாலு பேரைச் சட்டுனு கண்டுபிடிச்சாச்சு. அஞ்சாவது ஆள் சாம்பல் கலர்ல நீளமா ஒண்ணை மாட்டிக்கிட்டு... அது யாருன்னு கடைசி வரைக்கும் எவனுக்கும் தெரியல. ரொம்ப நேரம் ஆடிட்டுப் போயிடுச்சு."

"வீட்டுல வேற யாரு இருந்தாங்க?"

"கடைக்கார நிஷ் டூப், அவன் பொண்டாட்டி மெர்சி. நிஷ்தான் அக்கார்டியன் வாசிச்சான். அக்காவுக்குத் தலைவலி, சீக்கிரமே மாடிக்குப் போயிட்டா."

"ஆக, யாரோ உறையில கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்டு, ஆடிட்டு, திரும்ப ஆணியில மாட்டிட்டாங்க," என்றாள் தேர்சா. "மறுநாள் கெசியா மழையில, காத்துல, வெளிச்சம் போற நேரத்துல அதை வால்ல மாட்டினா. ராத்திரி பூரா ஓட்டை வழியா மழை எறங்கிருக்கு. மேல தெரிஞ்சதைக் காலையில வழிச்சுட்டா. இடுக்குக்குள்ள போன தண்ணி தரையில தண்ணியாவே இருந்துச்சு, அதனால வால் அசைஞ்சுது. மேல குளிர்ல போனதும் கல்லாயிடுச்சு."

"மண்டை மேல எதையோ வெச்சிருந்த ஆசாமி," என்றான் ஆல்ஃபி, உறைக்குள்ளிருந்து வெளியே வந்து. "கிரீடமா இருக்கலாம்."

"தொப்பி!" என்றார் ஹீபர். "டூப் வீட்டுல எல்லாரும் உரோமத் தொப்பி. தூங்கும்போதுகூடக் கழட்ட மாட்டானுங்க. அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். எங்க குடும்பத்தைக் கவுக்கணும்னு ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருக்கானுங்க."

"அப்ப கேட்டுடுவோம்," என்றாள் தேர்சா.

டூப் கடையும் தபால் நிலையமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. ஒரு பக்கம் நிஷ் பனி வண்டிக்குப் பட்டை விற்பான், மறுபக்கம் மெர்சி தபால் பிரிப்பாள். அங்கே யார் தலையில் உரோமத் தொப்பி இருக்கிறது என்று ஹீபர் தேடினார். நிஷ்ஷின் தலையில் இருந்தது. வெற்றியோடு தேர்சாவைப் பார்த்தார். நிஷ் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தவன், ஆடியவன் அல்ல என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"அந்த அஞ்சாவது மம்மரா?" என்றாள் மெர்சி. தபாலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியலையே."

"சுத்தமா தெரியல," என்றான் நிஷ், அவசரமாக.

"வெளியூர் ஆளா இருக்கும்," என்றாள் மெர்சி.

"இந்தக் குளிர்ல வெளியூர்லேருந்து கித்தானைச் சுத்திக்கிட்டு ஆட வந்தாங்களா?" என்றான் ஆல்ஃபி. "வழியில நரி பாத்திருந்தா அதுவும் சேந்து வந்திருக்கும்."

வெளியே யாரோ பனியை மிதித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ஜன்னல் முழுக்கப் பனிப்பூ, எதுவும் தெரியாது.

மெர்சி தலை நிமிராமலே சொன்னாள்: "செலினாவுக்கு முட்டிவலி இன்னும் போகல பாரு. இடது காலை இழுக்கறா."

தேர்சா புன்னகை செய்தாள். ஹீபருக்கு அந்தப் புன்னகை பிடிக்கவில்லை. "மெர்சி, அந்த மம்மர் எப்படி ஆடினாங்க? அதையாவது சொல்லேன்."

மெர்சியின் கை நின்றது. ஒரு கடிதத்தைக் கையில் வைத்தபடியே அவள் சுவரைப் பார்த்தாள். "எப்படிச் சொல்றது... பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"நான் வாசிக்கறதை நிறுத்தவே இல்ல," என்றான் நிஷ். "விரல் கொப்பளிச்சுப் போச்சு. நிறுத்தினா அது போயிடுமேன்னு..."

மெர்சி மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். எல்லோருக்கும் கேட்டது.

வெளியே வந்ததும் ஹீபர் வெடித்தார். "பாத்தீங்களா? மறைக்கறாங்க! புருஷனும் பொண்டாட்டியும் சேந்து மறைக்கறாங்க! டூப் ரத்தம் டூப் ரத்தத்தைக் காட்டிக் குடுக்காது!"

"மறைக்கறாங்க மாமா. அது சரிதான்." தேர்சா துறைமுகத்தின் உறைந்த பரப்பைப் பார்த்தபடி நின்றாள். மோர்ஸை ஏற்றிப்போக வந்த வேறொரு விமானம் சறுக்குக் கட்டைகளோடு அங்கே காத்திருந்தது. "செலினாவோட முட்டியைச் செவுத்துக்கு இந்தப் பக்கத்துலேருந்து கண்டுபிடிக்கற பொம்பளை. அவ கண்ணு முன்னால ஒரு ஆள் அவ்வளவு நேரம் ஆடிருக்கு. தெரியலயாம்."

"அதான் சொல்றேன்!"

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியலைன்னா ஒரே அர்த்தம்தான். பேரைச் சொன்னா ஆட்டம் நின்னுடும். முகத்தைத் தொறந்து உக்காரணும். அந்த ஆள் அங்க முகத்தைத் தொறக்கக் கூடாதுன்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணிருக்காங்க. அப்ப அந்த ரூம்ல யாரைப் பாத்து பயந்தாங்க?"

ஹீபர் அந்த அறையை மனத்தில் சுற்றி வந்தார். மெர்சி, நிஷ், நாலு மம்மர்கள். அவர்களில் யாரைப் பார்த்தும் யாரும் பயப்படமாட்டார்கள். மிச்சமிருந்தது அடுப்புப் பக்கத்து நாற்காலி. அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர்.

"என்னையா?" என்றார்.

ஆல்ஃபி வாயைத் திறந்தான். தேர்சா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"தொப்பி இல்ல மாமா," என்றாள் தேர்சா மெல்ல. "தொப்பி உச்சியில அமுங்கிடும். அமுங்காம கெட்டியா நிக்கற ஒண்ணு. கொண்டை."

காப்ளின் குடாவில் பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வார்கள். உச்சியில் கொண்டை போடுகிற ஒரே ஒருத்தி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊருக்கு முதுகைக் காட்டி ஆர்கன் வாசிப்பாள். பின்வரிசையில் இருப்பவர்கள்கூட அந்தக் கொண்டையை வைத்துத்தான் பாட்டு முடியப்போகிறதா என்று தெரிந்துகொள்வார்கள்.

பர்சி வீட்டுப் பெண்கள் ஊர் முன்னால் குதிக்கமாட்டார்கள். இது ஹீபர் போட்ட சட்டம். அப்பா இறந்த வருடம், வீட்டுத் தலைவரான சூட்டில், பள்ளிக்கூட நடன மாலையிலிருந்து அக்காவைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து போட்ட சட்டம். அவள் அவரைவிட மூத்தவள். இருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"ஊருக்கே தெரியுமா?"

"எத்தனை வருஷமா நடக்குதோ," என்றாள் தேர்சா. "தெரியாதது ஒங்களுக்கு மட்டும்தான்னு நெனைக்கறேன்."

அவர் துறைமுகத்தில் நின்ற விமானத்தைப் பார்த்தார். பிறகு, "மோர்ஸ்கிட்ட யாரோ ஒரு மம்மர்னு சொன்னா ஒத்துக்குவானா?" என்று கேட்டார்.

"பேர் இல்லாத மம்மரை நம்ப மாட்டார். வட்டப் பனியையே நம்பலையே."

மகளின் பெயரைக் காப்பாற்ற அக்காவின் பெயரைக் கொட்டகை நடுவே போட வேண்டும். அக்காவின் பெயரைக் காப்பாற்றினால் மகள் தரையில் நிற்பாள். இரண்டும் பர்சி பெயர்தான். ஹீபர் ஆல்ஃபியின் தோளிலிருந்து உறையை உருவிக்கொண்டு தீயணைப்புக் கொட்டகையை நோக்கி நடந்தார். ஒரு தீர்மானத்துக்கு வந்த மனிதனின் நடை அது.

"என்ன பண்ணப்போறார்?" என்றான் ஆல்ஃபி.

"முட்டாள்தனமா ஒண்ணு," என்றாள் தேர்சா. "வா, விடாத."

கொட்டகையில் தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டு மோர்ஸ் உட்கார்ந்திருந்தார். மேலுதடு வீங்கியிருந்தது. எதிரே கெசியா நின்றாள். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வந்திருந்தது.

ஹீபர் உறையை மேசைமேல் போட்டார். "மிஸ்டர் மோர்ஸ். இந்த உறையில கண்ணுக்கு ஓட்டை போட்டு மம்மர் ஆடினது நான். மழை இது வழியாத்தான் எறங்குச்சு. பொண்ணு மேல தப்பு இல்ல."

ஹீபர் பர்சி ஆடினார் என்பதைவிட, தீயணைப்பு வண்டி ஆடியது என்றால் ஊர் சுலபமாக நம்பியிருக்கும்.

"நீங்களா?" என்றார் மோர்ஸ். பல் இல்லாததால் வார்த்தையோடு காற்றும் வந்தது. "போட்டுக் காட்டுங்க."

"என்ன?"

"மாட்டிக் காட்டுங்க. கண்ணு சரியா வருதான்னு பாக்கறேன்."

ஹீபர் பர்சி ஊர் முன்னிலையில் விமான வாலின் உறையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டார். உள்ளே பழைய கித்தான் வாசனையும் லேசாக லாவெண்டர் சோப்பு வாசனையும் அடித்தன. அது யாருடைய சோப்பு என்று அவருக்குத் தெரியும். இரண்டு தையல்களும் அவருடைய மூக்கின் இரு பக்கமும் வந்து உட்கார்ந்தன.

"மூக்கால பாத்தீங்களா மாமா?" என்று எவனோ பின்னாலிருந்து கேட்டான். கொட்டகை குலுங்கியது.

"கழட்டுடா அதை," என்றது ஒரு குரல். "ஒன் மண்டைக்கு அது எந்தக் காலத்துலயும் பொருந்தாது."

ஹீபர் உறையைக் கழற்றினார். டோர்கஸ் வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வீட்டு ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் மாவு ஒட்டியிருந்தது.

"அக்கா, நீ வீட்டுக்குப் போ."

"இத்தனை வருஷமா வீட்டுலதானே இருந்தேன்." அவள் உறையை வாங்கி மாட்டிக்கொண்டாள். கொண்டை துணியை ஏந்தி நிறுத்தியது. இரண்டு வட்டங்களும் கச்சிதமாகக் கண்களுக்கு நேரே வந்தன. துணிக்குள்ளிருந்து, மூச்சை உள்ளே இழுத்தபடி, ஊருக்கே பரிச்சயமான அந்த மம்மர் குரல் கேட்டது: "நான்தான் மிஸ்டர் மோர்ஸ்."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் ஹீபர் கவனித்தார். ஒரு முகத்தில்கூட ஆச்சரியம் இல்லை.

"நேத்து வரைக்கும் தெரியாது," என்றாள் டோர்கஸ், உறையைக் கழற்றிக்கொண்டே. "பனி வட்டமா இருந்துச்சுன்னு கெசியா நேத்துதான் என் முன்னால சொன்னா. ஓடிப் போய்ப் பாத்தேன், ஆணியில இருந்தது நான் ஓட்டை போட்ட அதே உறை. பயத்துல தெச்சுட்டேன். பெரிய தப்பு. காலையில ரொட்டியைக் கருக்கிக்கிட்டே யோசிச்சேன். இதுக்கு மேல யோசிக்க முடியல, வந்துட்டேன்."

"அம்மா," என்றார் மோர்ஸ் கடுமையாக, "விமான உறையில ஓட்டை போடறது எவ்வளவு பெரிய..."

"நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"நானா?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னால எங்க சமையலறையில உக்காந்து என் ரொட்டியைத் தின்னுக்கிட்டே சொன்னீங்க. புது உறை இந்த வாரமே வந்துடும், பழசை வெட்டித் தரை தொடைச்சுக்குங்கன்னு. தரையைத் தொடைக்க எனக்குத் துணி இருக்கு. அதனால வெட்டி ஆடினேன். புது உறை எங்க?"

கொட்டகையில் எல்லோருடைய பார்வையும் மோர்ஸின் மேல் திரும்பியது. புது உறை எங்கே இருக்கிறது என்று மோர்ஸின் முகத்திலேயே தெரிந்தது. வாங்காத பொருள் எங்கும் இருக்காது.

"நானும் பாத்திருக்கணும்," என்றாள் கெசியா. "மழைன்னாலும், இருட்டுன்னாலும், மாட்டற உறையைப் பாத்து மாட்டிருக்கணும். அது என் தப்பு, எழுதிக்குங்க. ஆனா தொடைக்காம ஏறினேன்னு எழுதாதீங்க. நான் கைப்பிடியை இழுத்தப்ப ஒங்க கண்ணு முன்னாலதானே இழுத்தேன்?"

மோர்ஸ் நாக்கால் பல் இல்லாத இடத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கைகள் இழுத்திருக்காவிட்டால் போயிருக்கக்கூடியவை என்னென்ன என்று கணக்குப் பார்த்தார் போலும். "வெளிச்சத்துல உறையைச் சோதிக்கணும்னு ஒரு எச்சரிக்கை," என்றார் கடைசியில். "அவ்வளவுதான். வேலை இருக்கு."

"புது உறை?" என்றாள் டோர்கஸ்.

"வரும்."

"எப்ப?"

"அனுப்பறேன்மா!" என்று பல் போன இடத்தில் காற்று சீறச் சொன்னார் மோர்ஸ்.

ஆல்ஃபி மேசைமேல் தீப்பெட்டியை மரியாதையாக வைத்தான். "இது ஒங்களோடது சார். உறை வர்ற வரைக்கும் பணயமா வெச்சுக்கலாம்னு பாத்தேன், தேர்சா அக்கா விடல."

கூட்டம் கலையவில்லை. நிஷ் டூப் எங்கிருந்தோ அக்கார்டியனைக் கொண்டுவந்திருந்தான், அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹீபரையே பார்த்துக்கொண்டு நின்றான். விரல்களில் துணி சுற்றியிருந்தது. ஹீபர் அவனைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அவளிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது பக்கத்தில் நின்ற தேர்சாவுக்கு மட்டும் கேட்டது. டோர்கஸ் கையிலிருந்த உறையை அவர் கையில் திணித்துவிட்டு, மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, தீயணைப்பு வண்டிக்கு முன்னால் இருந்த காலி இடத்துக்கு நடந்தாள். முகத்தை மூடவில்லை.

நிஷ் வாசிக்க ஆரம்பித்தான்.

ஹீபர் பர்சி அன்று தன் அக்காவை மன்னித்துவிட்டார் என்று கரை நெடுகப் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. மன்னிப்புக் கேட்டவர் ஹீபர். டோர்கஸ் இன்னும் பதில் சொல்லவில்லை.